சிறந்தது வேறு, பிடித்தது வேறு

வாயாடி என்று தெரிந்தும் என் கையில் ஒலிவாங்கியைத் தந்திருக்கும் தலைவர் அவர்களே, நல்ல பாட்டுக்குத் தலையாட்டியும் மற்றதற்கு மௌனம் காத்தும் எங்களை வளர்த்த பெரியோர்களே, வீட்டு வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு அரங்கை நிறைத்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் கதவோரம் நிற்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

இந்த ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்குச் சற்றுமுன் பரிசு தந்தோம். பிசிறில்லாத குரல், பிழையில்லாத தாளம், பொறுக்கி எடுத்த சொற்கள். நடுவர்களில் ஒருத்தியாக நானும் மனதார மதிப்பெண் போட்டேன். ஆனால் வீட்டில் என் மகள் என்ன சொல்கிறாள் தெரியுமா? "அம்மா பரிசு குடுக்கிற ஆல்பத்தை அம்மாவே ரெண்டாவது தடவை கேக்கறதில்ல."

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?

சிறந்தது எது? செவி சொல்லும். பிடித்தது எது? செவிக்குத் தெரியாது, நெஞ்சுக்குத் தெரியும், ஆனால் சொல்லத் தெரியாது. சிறந்ததற்குக் காரணம் கேளுங்கள், அடுக்கடுக்காய் அடுக்குவேன். பிடித்ததற்குக் காரணம் கேட்டால் எனக்கே பேச்சு வராது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"உங்களுக்குப் பிடிச்சது எதும்மா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறது. சொல்கிறேன் தம்பி. அது இன்னும் வெளியாகவில்லை.

என் கணவர் கிதார் வாசிப்பவர். நண்பர்களோடு சேர்ந்து ஒரு தொகுப்பைப் பதிவு செய்தார். அது வெளிவருவதற்குள் போய்விட்டார். சென்ற வாரம் ஒலிப்பதிவாளர் என்னைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். ஜன்னலில்லாத அறை, சுவரெல்லாம் மெத்தை, மேசையில் ஆறிப்போன தேநீர். கடைசிப் பாட்டு தொடங்குமுன் தெளிவாக ஒரு குரல்: "சரி, ஆகட்டும்."

குடையை விரித்தாலும் அதைத்தான் சொல்வார். ஸ்கூட்டரை உதைத்தாலும் அதைத்தான் சொல்வார். அறுவைச் சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டு அதையேதான் சொன்னார்.

"அண்ணன் குரல் தெரியாம விழுந்துடுச்சுக்கா. எடுத்துட்டா பாட்டு சுத்தமாயிடும். எடுக்கவா, விடவா? நடுவரு நீங்க, நீங்களே சொல்லுங்க" என்றார் ஒலிப்பதிவாளர்.

நடுவருக்கு விடை நொடியில் வந்தது. மனைவியோ, பிறகு சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள். வாசற்கதவு திறந்தால் ஏங்குகிறேன், வண்டிச் சத்தம் கேட்டால் ஏங்குகிறேன், மழை வந்தால் மூலையில் கிடக்கும் குடையைப் பார்த்து ஏங்குகிறேன். அந்தக் குரலை அழிக்கச் சொல்ல என்னால் ஆகுமா? நீங்களே சொல்லுங்கள், உங்களால் ஆகுமா?

ஆனால் அவர் எதற்காக விரல் தேயத் தேய வாசித்தார்? தன் பாட்டு சிறப்பாக வரவேண்டும் என்பதற்காக. என் ஏக்கத்தை அவர் பாட்டின் தலையில் ஏற்றிவைக்க எனக்கு ஏது உரிமை?

அந்த ஒலிப்பதிவாளர் இரண்டாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இந்த மேடையிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

எடுத்துடுங்க தம்பி. ஊர் கேக்கறது சுத்தமா இருக்கட்டும். ஆனா எடுத்ததைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அதை எனக்குக் குடுங்க. பாட்டு வேண்டாம், அது மட்டும் போதும்.

இவ்வளவு நேரம் செவி தந்த உங்களுக்கு நன்றி. வீட்டுக்குப் போய், சிறந்ததோ இல்லையோ, உங்களுக்குப் பிடித்ததைக் கேளுங்கள். வணக்கம்.