தேக்கை மறுத்த பாக்கியலக்ஷ்மி அம்மையாருக்கு

மட்டாஞ்சேரி மழையில் மங்கிய தாள்களை மீட்டெடுத்த மாண்பினரே! நைந்ததையும் நலிந்ததையும் நம்பிக்கையோடு ஏந்திய நற்கரத்தினரே! எங்கள் காகிதப் பாதுகாப்புக் கூடத்தின் தலைவி இன்று பணி நிறைவு பெறுகிறார். அவர் செய்தவற்றுள் ஒன்றைச் சொன்னாலே போதும், அவர் யாரென்று விளங்கிவிடும்.

ஆலுவாவில் ஆற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்த ஆண்டு, ஓமனா என்னும் பெண்மணி, மறைந்த தம் தந்தை மையால் தீட்டிய பெரிய ஆற்றுக் காட்சியைக் கொண்டுவந்தார். தாள் அலையலையாய் நெளிந்திருந்தது. அதிலிருந்த தோணியும் நெளிந்திருந்தது. அதை நிமிர்த்த ஜப்பானிய முறை உலர்த்துப் பலகை வேண்டும். மெல்லிய மரச்சட்டங்களைக் கட்டமாகப் பின்னி, இருபுறமும் காகிதம் அடுக்கி ஒட்டிய பலகை அது. ஈரத் தாளின் ஓரங்களை அதில் ஒட்டினால், தாள் காயக் காய இழுபட்டு நிமிரும். பலகை கோணினால் தாள் கிழிந்துபோகும்.

"தேக்குல அடிச்சிரலாம் மேடம். நூறு வருசம் அசையாது" என்றார் தச்சர் பாண்டித்துரை.

"அசையாதுதான். ஆனா அதோட எண்ணெய் தாள்ல இறங்கிரும். கனமும் ஜாஸ்தி."

"அப்போ பலா?"

"மஞ்சள் சாயம் விடுமே!"

கடைசியில், கொச்சித் துறைமுகத்தின் வெலிங்டன் தீவில் பிரித்த பழைய கிடங்கொன்றின் தடுப்பிலிருந்து, கணுவில்லாத, நேர்ரேகை ஓடிய, நன்கு உலர்ந்த ஃபிர் என்னும் இலேசான ஊசியிலை மரத்தை அம்மையார் தேர்ந்தார். பலகை தயாரான பிறகும் ஓவியத்தைத் தொடவில்லை; வெற்றுத் தாள்களையே ஒட்டி ஒட்டிப் பார்த்தார்.

"சேச்சி, இனியும் காக்கணோ?" என்று, இன்னும் காத்திருக்க வேண்டுமா என ஓமனா தொலைபேசியில் கேட்டார்.

"இந்த மழை கழியட்டும் ஓமனா."

குரலில் உறுதி இருந்தது, உள்ளுக்குள் கவலை. மரத் தேர்வு தவறினால் இன்னோர் ஓவியம் ஏது?

ஓவியத்தை ஒட்டிய மறுநாள் நண்பகலில், உள்ளறையில் 'பட்'டென ஒரு சத்தம். சாப்பிட்ட கையோடு அம்மையார் ஓடினார். காற்றில் அறைந்தது சன்னல்! ஓவியமோ துளிக் கிழிசலின்றி, துளிக் கறையின்றி, விறைப்பாக நின்றது. அம்மையார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாராச்சும் ஒரு சாயா குடுங்கப்பா!"

ஓமனா வந்து பார்த்தார். "அச்சன்றெ தோணி நேரெயாயல்லோ!" என்று, அப்பாவின் தோணி நேராகிவிட்ட மகிழ்ச்சியில் அழுதுகொண்டே சிரித்தார். அம்மையாரும் சிரித்தார், பெருமூச்சு விட்டது நாங்கள் அனைவரும்.

அன்புமிகு அம்மையீர்! இனிக் கலூரில் மகள் வீட்டில் பகலெல்லாம் கவலையின்றி உறங்குங்கள். முதுகுவலி விலகி, முகமலர்ச்சி பெருகி, நெடுநாள் நிறைவாய் வாழுங்கள்!

நெஞ்சம் நிறைந்து,
காகிதப் பாதுகாப்புக் கூடப் பணியாளர்கள்,
மட்டாஞ்சேரி.