குவாத்தமாலா போன பூரிக்கட்டை

சிவாஜிநகர் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு காலேஜ் பெண்ணும் அவள் சித்தியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"குவாத்தமாலாவுல என்னைக் காப்பாத்துனதே நம்ம வீட்டுப் பூரிக்கட்டைதான் சித்தி."

நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன். அந்த ஊர் ஓசூருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றே தெரியாது. காதை மட்டும் நீட்டினேன்.

"அங்க இருக்கிற மாயா பழங்குடி ஜனங்களோட பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரத்தான் காலேஜ்ல அனுப்புனாங்க. ஒரு மாசமா ஒருத்தனும் வாயே தொறக்கல. இப்படியே போனா நீ ஃபெயில்னு காலேஜ் மேடம் போன்ல சொல்லிட்டாங்க."

"அய்யய்யோ! அப்புறம்?"

"தங்கியிருந்த வீட்டுல மக்காச்சோள ரொட்டி போட்டாங்க. அங்க எல்லாரும் கையாலயே தட்டுவாங்க. நான் பெருசா பூரிக்கட்டைய எடுத்துத் தேச்சேன். மாவு கட்டையோடயே வந்துடுச்சு. வேடிக்கை பார்த்த ஒரு வாலுப் பொண்ணு, 'நோ டீச்சர்! ஹேண்ட், ஹேண்ட்!'னு கத்துனா. அன்னையிலிருந்து அடுப்படிதான் கிளாஸு. என்னைத் திட்டுறதுக்குன்னே எல்லாம் இங்கிலீஷ் கத்துக்கிச்சுங்க."

"அப்போ பாஸா?"

"காலேஜ்ல பாஸ். ரொட்டியில ஃபெயில்."

சித்தி சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. என் அல்சூர் ஸ்டாப் எப்போதோ போய்விட்டது.

"இறங்கலையாப்பா?" என்றார் கண்டக்டர்.

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக எனக்கு இங்கிலீஷ் வந்தது: "நோ, டீச்சர்!"