எங்கள் ஊரில் ஓடிய ஒரே வண்டி

உங்கள் வண்டியைப் பார்த்து யாராவது சிரித்திருக்கிறார்களா?

என் வண்டியைப் பார்த்து ஓர் ஊரே சிரித்தது. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கிரீஸில், வோலோஸ் நகரத்துக்கு மேலே, பெலியோன் மலையில் இருக்கிற எங்கள் ஊரில் சிரிப்பதற்கு வேறு விஷயங்கள் குறைவு. என்னுடையது பாதி பேட்டரியில் ஓடுகிற சின்ன ஜப்பான் வண்டி. நான் தோட்ட வேலை பார்த்துக்கொடுத்த பல் டாக்டர் ஒருவர், புது வண்டி வாங்கியபோது பழையதை என் தலையில் கட்டிவிட்டார். சத்தம் போடாது. புகை விடாது. மேட்டில் ஏறும்போது மட்டும் லேசாக முனகும்.

காபிக் கடை ஸ்டாதிஸ் அதைப் பார்க்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்துவிடுவான். "யோவ் ரஷ்யா, இது காரா, காபி அடிக்கிற மிக்ஸியா? ரெண்டு கிளாஸ் ஊத்திட்டுப் போய்யா."

நான் ரஷ்யாக்காரன் இல்லை. ஜார்ஜியாவில், கிரேக்கம் பேசுகிற ஒரு மலையூரில் பிறந்தவன். சோவியத் உடைந்தபோது ஒரு பெட்டியோடு இங்கே வந்தேன். ஆப்பிள் பறித்தேன், சுவருக்கு வெள்ளை அடித்தேன், கோடையில் மட்டும் வருகிறவர்களின் வீடுகளைக் காவல் காத்தேன். ரஷ்யாக்காரன் இல்லை என்று கொஞ்ச காலம் சொல்லிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். காபிக் கடையில் என் மேசை கழிப்பறைக் கதவை ஒட்டி இருந்தது. யாரும் என்னை அங்கே உட்காரச் சொல்லவில்லை, அது எப்போதும் காலியாக இருக்கும், அவ்வளவுதான். மற்றவர்கள் அரசியலுக்கும் பந்தாட்டத்துக்கும் ஆட்டு மேய்ச்சலுக்கும் ஒருவரோடு ஒருவர் சண்டை போடுவார்கள். என்னோடு யாரும் சண்டைகூடப் போட்டதில்லை.

அப்புறம் வரி ஏறியது. வண்டி எவ்வளவு புகை விடுகிறது என்று பார்த்து வரி என்றார்கள். பழைய வண்டிகளுக்கும் சேர்த்துத்தான்.

ஸ்டாதிஸின் பிக்கப் புகை விடுவதில் கஞ்சத்தனம் பார்க்காத வண்டி. அது முன்னால் போனால் பின்னால் வருகிறவனுக்கு ரோடு தெரியாது. பேக்கரி ரிஸோஸின் பெரிய ஜெர்மன் கார் காலையில் கிளம்பினால், பொழுது சாய்ந்துவிட்டது என்று நினைத்துக் கோழிகள் திரும்பக் கூண்டுக்குள் போகும். பாதிரியார் ஃபோட்டிஸின் வேனும் அப்படித்தான். கேட்டால், ஊருக்குத் தூபம் காட்டுகிறேன் என்பார். அந்த மார்கழிக் குளிரில் காபிக் கடைக்கு அடுப்பே தேவைப்படவில்லை, அவ்வளவு சூடாகப் பேசினார்கள். தலைநகரில் இருக்கிறவன் மலையேறிப் பார்த்திருக்கிறானா என்று ரிஸோஸ் கேட்டான். "என் ஆடுங்ககூடத்தான் பின்னாடி காத்து விடுது, அதுங்களுக்கும் நம்பர் பிளேட் மாட்டச் சொல்லு" என்றான் ஸ்டாதிஸ். எனக்கு வந்த வரி பூஜ்யம். நான் அதை வெளியே சொல்லவில்லை. எனக்கும் நாசூக்கு உண்டு.

எங்கள் நாட்டில், வரி கட்ட மனமில்லாதவன் வருஷக் கடைசியில் வண்டியின் நம்பர் பிளேட்டைக் கழற்றி வரி ஆபீசில் ஒப்படைத்துவிடலாம். பிளேட் அங்கே இருக்கிறவரை வரி கிடையாது, வண்டியும் ரோட்டுக்கு வரக் கூடாது. அந்த வருஷம் ஊரே சேர்ந்து அப்படிச் செய்வது என்று முடிவானது. தேவாலயத்துக்கு முன்னால் வண்டிகளை வரிசையாக நிறுத்தினார்கள். ஸ்குரூ டிரைவர் கைமாறிப் போனது, சாராயக் கிளாசும் கூடவே போனது. ஒவ்வொரு பிளேட் கழன்றபோதும் கை தட்டினார்கள். பாதிரியார் தன் வேன் பிளேட்டை முத்தமிட்டுவிட்டுத்தான் கொடுத்தார். கடைசி பிளேட்டையும் செய்தித்தாளில் சுற்றி முடித்த பிறகு, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த பெலாயியா என்ற பெண்மணி கேட்டார்:

"சரிப்பா, இதையெல்லாம் கீழ கொண்டுபோய்க் குடுக்கறதுக்கு எந்த வண்டியில போறதா உத்தேசம்?"

ஒவ்வொருவராகத் திரும்பி என் மிக்ஸியைப் பார்த்தார்கள்.

அன்று நாங்கள் ஐந்து பேர் அதில் மலை இறங்கினோம். மடியில் ஊர் பிளேட்டெல்லாம் கலகலத்தன. ரிஸோஸ் கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாதிரியாரின் அங்கிக்கு அடியில் வைத்துக்கொண்டான். வளைவுகளில் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து திட்டிக்கொண்டார்கள். "மெதுவா போடா அனெஸ்டி" என்றான் ஸ்டாதிஸ். அவன் வாயிலிருந்து என் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க நான்தான் ஊருக்கு வண்டி. டாக்டரிடம், சந்தைக்கு, பேங்குக்கு, ஞானஸ்நானத்துக்கு, துக்கத்துக்கு. கழிப்பறைக் கதவை ஒட்டி இருந்த என் நாற்காலியை ஸ்டாதிஸே தூக்கிக்கொண்டு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டான். ஈஸ்டருக்கு அவன் வீட்டில் கம்பியில் கோத்துச் சுட்ட ஆட்டுக்கறி. கறி தீயும்போது நான் வாய் திறந்து ஏதோ சொல்ல, கம்பியை எப்படிச் சுற்றுவது என்று உனக்கென்ன தெரியும் என்று ரிஸோஸ் என்னோடு சண்டை போட்டான். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

முன் சீட் பெலாயியாவுக்கு. அவர் புருஷனை இழந்தவர், கஷ்கொட்டை ஜாம் போட்டு வோலோஸ் கடைகளுக்குக் கொடுக்கிறவர். வழியெல்லாம் சூரியகாந்தி விதை கொறிப்பார், தோலை என் வண்டிக்குள்ளேயே துப்புவார், யார் வீட்டில் என்ன என்று சொல்லிக்கொண்டே வருவார். "நீ பேசவே மாட்டியாப்பா? ஊமையைக் கல்யாணம் பண்ண மாதிரி இருக்கு" என்றார் ஒரு தடவை. சும்மா சொன்னதுதான். நான் அன்றைக்கு வண்டியைக் கூட்டவில்லை. தோல்கள் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டேன்.

இந்த மாதிரி ஒரு வாழ்க்கை கிடைத்தவன் அதைக் காப்பாற்றிக்கொள்வான். அதைத்தான் நான் செய்தேன். நீங்களும் செய்வீர்கள்.

முதலில் ஸ்டாதிஸ். காட்டு வழியாக, பிளேட் இல்லாமலே, பிக்கப்பைத் தோட்டத்துக்கு ஓட்ட ஆரம்பித்தான். அது சட்டப்படி தப்பு. நான் போலீசுக்குப் போன் செய்து எந்த வளைவில் நின்றால் பிடிக்கலாம் என்று சொன்னேன். அபராதம் போட்டார்கள், லைசென்சையும் பிடுங்கிக்கொண்டார்கள். கோர்ட்டுக்கு நான்தான் கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது என் தோளில் கை போட்டு, நீ இல்லாவிட்டால் நான் என்ன ஆவேன் என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

பிறகு பாதிரியார். வெளிநாட்டில் இருக்கிற தங்கை அவருக்கு ஒரு பேட்டரி சைக்கிள் அனுப்பினாள். அங்கி பறக்க மலையில் அதில் போனார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வயதில், அந்த வளைவுகளில் அவருக்கு ஏதாவது ஆனால்? சார்ஜ் போடுகிற துளையில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டேன். சீன சாமான் என்று அவரே முடிவுக்கு வந்து பின் சீட்டுக்குத் திரும்பினார்.

பஸ் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தான். ஊருக்குப் பஸ் விட்டால் ஆள் ஏறுவார்களா என்று கேட்டான். இங்கே பாதிப் பேர் படுக்கையில், மீதிப் பேர் கல்லறையில் என்று சொன்னேன். அவன் வருத்தத்தோடு தலையாட்டிவிட்டுப் போனான்.

பெலாயியா விஷயம் கொஞ்சம் வேறு. வெயில் வந்ததும் அவர் ஒரு நாள் சொன்னார்: "இனிமே உன்னைத் தொந்தரவு பண்ணலப்பா. கல்படி வழியா நடந்தே இறங்கிக்கிறேன். காலுக்கும் நல்லது." கோவேறு கழுதைகளுக்காகப் போட்ட அந்தப் பழைய கல்படி அவர் வீட்டு வாசலிலிருந்தே ஆரம்பிக்கிறது. நான் மேல் படியின் கல்லை ஒரு கம்பியால் நெம்பி ஆடவிட்டேன். கல் ஆடுவதைப் பார்த்ததும் இந்த வழி சரிப்படாது என்று அவரே விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் ஜாம் பாட்டில் கூடையைத் தூக்கிக்கொண்டு போனதால் காலடியைப் பார்க்கவில்லை. கணுக்கால் உடைந்தது. டாக்டர்கள் கம்பி வைத்தார்கள். அதற்கப்புறம் கோடை முழுக்க, நடை பழக்குகிறவரிடம் அவரைக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தேன். காத்திருக்கும்போது அவருக்கு ஐஸ்கிரீம் வாங்கி வைப்பேன். அவர் வலியில் முனகினால் வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டுவேன். அந்த மாதிரி ஒரு கோடை எனக்கு வாய்த்ததே இல்லை.

ஆகஸ்டில் ஏதோ மாறியது. நான் காபிக் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுபோகும். ரிஸோஸ் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பான். பெலாயியா என் முகத்தைப் பார்க்காமல் சிரிப்பார். மாதா திருநாளுக்கு முன்னால் பாதிரியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கனமான உறையைக் கொடுத்தார். உள்ளே எல்லாரும் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதமும் வரிப் பணமும் இருந்தன. கீழே போகும்போது எல்லா பிளேட்டையும் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்.

"எதுக்கு சாமி, திடீர்னு?"

"வாங்கிட்டு வா, சொல்றேன்" என்றார். அவர் மீசைக்குள் ஒரு சிரிப்பு இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பவும் ஓட்டப்போகிறார்கள். எத்தனை வரி வந்தாலும் கட்டிவிட்டு, புகையைக் கக்கிக்கொண்டு, தனித்தனியாகப் போகப்போகிறார்கள். என் நாற்காலி பழைய இடத்துக்குப் போகும்.

வரி ஆபீசில் வரிசையில் நின்றேன். எல்லாருடைய வரியையும் ஒழுங்காகக் கட்டினேன். மீதிச் சில்லறையையும் ரசீதையும் உறையில் பத்திரப்படுத்தினேன். நான் திருடன் இல்லை. பிளேட்டுகளை வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். அலை தடுக்கிற கல்சுவரின் முனையில் நின்று ஒவ்வொன்றாகக் கடலில் வீசினேன். பிளேட் நேராக மூழ்குவதில்லை. பக்கவாட்டில் சரிந்து சரிந்து, ஆடிக்கொண்டே கீழே போகிறது. பார்க்க மனசுக்கு அமைதியாக இருந்தது.

திருநாள் விருந்தில் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். பிளேட் எங்கே என்று கேட்டால், ஆபீசில் தொலைத்துவிட்டார்கள் என்று சொல்ல இருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஸ்டாதிஸ் கிளாசைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"பிளேட் இல்லாத வண்டியை எவனும் வாங்க மாட்டான். அதனாலதான் உன்கிட்ட வாங்கிட்டு வரச் சொன்னோம். எல்லா ஓட்டை வண்டியையும் வித்துட்டு ஒம்போது சீட்டு வேன் ஒண்ணு எடுக்கறோம். பேட்டரி வண்டி, வரியும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. ஓட்டப்போறது நீதான், அனெஸ்டி. கதவுல உன் பேரை எழுதறோம். பயப்படாத, ரஷ்யான்னு எழுத மாட்டோம்."

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். ரிஸோஸ் என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டான்.

என்னை நெகிழவைத்துவிட்டார்கள். இப்படிப்பட்டவர்களிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று தோன்றியது. அதனால் சொன்னேன். கடலில் வீசியதைச் சொன்னேன். போலீசுக்குப் போன் செய்தது, எலுமிச்சைச் சாறு, பஸ் கம்பெனி ஆள், எல்லாம் சொன்னேன். கல்லையும் சொன்னேன். இது எல்லாம் உங்களோடு இருப்பதற்காகத்தான் என்று விளக்கினேன். நிதானமாக, புரிகிற மாதிரிதான் சொன்னேன்.

பெலாயியா மட்டும் ஒன்று கேட்டார்.

"நீ அந்தக் கல்லை நெம்பினப்போ நான் வீட்டுல இருந்தேனா?"

"இருந்தீங்க. அடுப்படியில பாடிக்கிட்டு இருந்தீங்க."

அவர் வாயிலிருந்த கறித்துண்டை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். ஒருவரும் கத்தவில்லை. எங்கள் ஊரில் கோபம் வந்தால் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். அதனால் பாதி மன்னித்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன். பிளேட் தொலைந்ததை எழுதிக்கொடுக்க வரி ஆபீசுக்கு அவர்கள் கட்டாயம் போக வேண்டும். ஆபீஸ் திறக்கிற நேரத்துக்கு வண்டியோடு சதுக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை வண்டியைக் கழுவி, நான்கு கதவையும் திறந்துவைத்து நின்றேன். அவர்கள் வந்தார்கள். என்னைத் தாண்டி, தார் ரோட்டில் வோலோஸைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். பெலாயியாவை ஒரு பக்கம் ஸ்டாதிஸும் இன்னொரு பக்கம் ரிஸோஸும் தாங்கிக்கொண்டார்கள். நான் அவர்கள் பின்னாலேயே நடை வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் இரண்டு இடத்தில் பெலாயியா உட்கார்ந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டார். அப்போதெல்லாம் நானும் நிறுத்தினேன். வோலோஸ் போய்ச் சேரும் வரை யாரும் ஏறவில்லை.