பட்டாளத்துக்காரருக்கு ஒரு ஜோடி மேஜோடு

ஐரோப்பாவில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். பாலோ ஸ்டேஷனில் இரண்டு ரப்பர் தோட்டத்துப் பெண்கள் ஜோகூர் ரயிலில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். மூத்தவள் மடியில் கம்பளி நூலும் இரண்டு ஊசிகளும் இருந்தன. நான் தூங்கலாம் என்றிருந்தேன், விடவில்லை.

"நான் பின்னி அனுப்பின மேஜோடு பட்டாளத்துக்காரருக்குத் தலையில கச்சிதமா இருக்காம்," என்றாள் மூத்தவள்.

"தலையிலயா? மேஜோடு காலுக்கில்ல போடுவாங்க, அக்கா?"

"காலுக்குன்னுதான் பின்னினேன். நமக்காகச் சண்டை போடுறவங்க குளிர்ல நிக்கிறாங்கன்னு தோட்டத்துத் தொரசாணிதான் நூலக் குடுத்துப் பின்னச் சொன்னாங்க. மேஜோட்டை நான் எங்க கண்டேன்? எங்க வீட்டுக்காரர் காலை அளவு வச்சுட்டேன்."

"அலமாக்! மாமா கால் மம்பட்டி மாதிரியில்ல இருக்கும்!"

"பட்டாளத்துக்காரர் கடுதாசி போட்டிருக்காரு. தோட்டத்து ஆபீஸ் கிராணிதான் படிச்சுச் சொன்னாரு. ரெண்டு தொப்பிக்கும் ரொம்ப நன்றியாம். ஒண்ணைக் கூட்டாளிக்குக் குடுத்துட்டாராம்."

"பாவம், அப்ப அவரு காலுக்கு?"

ஊசிகள் மறுபடியும் ஓடத் தொடங்கின.

"அதுக்குத்தான் இந்தத் தடவை தொப்பி பின்னுறேன்."