நிறைந்த வயிற்றின் படம்

ஸ்கேனுக்கு முன் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொன்னால் முகம் சுளிக்காதவர் யாருமில்லை, ஐயா. ஆனால் குடித்தே ஆக வேண்டும். காலி இரைப்பை வெறும் பை மாதிரி சுருங்கிக் கிடக்கும். மடிப்புக்குள் கட்டி இருந்தாலும் படத்தில் பிடிபடாது. தண்ணீர் நிறைந்தால் சுவர் விரிந்துகொடுக்கும். படம் பார்த்து அறிக்கை எழுதும் மருத்துவன் நான். இதைச் சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிட்டது.

என் தம்பி மட்டும் சிரித்துக்கொண்டே குடித்தான். "அண்ணே, இதுக்கு மேல குடிச்சா மிதந்துருவேன்" என்றான். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஓரிடத்தில் மட்டும் சுவர் தடித்திருந்தது. கட்டிதான். சிறியது, வேறெங்கும் பரவவில்லை.

'இரைப்பை சரியாக விரியவில்லை. தடிப்பு வெறும் மடிப்பாக இருக்கலாம்' என்று எழுதினேன். எங்கள் தொழிலில் இந்த வாக்கியத்தை யாரும் துருவுவதில்லை. தண்ணீரைப் பாதியில் வைத்துவிடும் நோயாளிகள் அத்தனை பேர்.

ஏன் என்கிறீர்கள். எங்கள் அப்பாவுக்கும் இதே நோய். பெயரைக் கேட்ட அன்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் போயிற்று, பேச்சும் நின்றது. நோய்க்கு முன்னால் பயம் முந்திக்கொண்டது. தம்பிக்கு அவர் சுபாவம். ஊசியைக் கண்டாலே பாதி உயிர் போய்விடும். பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள். எனக்கு எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது.

பிறகு தம்பி மனைவி வந்தாள். "மாமா, சாப்பிட்டது எதுவும் வயித்துல நிக்க மாட்டேங்குது. இன்னொரு தடவ படம் எடுத்துப் பாக்கலாமா?"

"வாயுத் தொல்லைதான்மா. காரத்தக் கொறச்சுக் குடு" என்றேன். அவள் குறைத்தாள். மறுபடி வந்து கேட்டபோதும் அதையே சொன்னேன்.

இப்போது கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டது. அறுவை மருத்துவர் கையை விரித்துவிட்டார். பழைய படத்தைத் தேடி எடுத்ததும் அவர்தான். என் அறிக்கை விரியவில்லை என்கிறது; படத்தில் இரைப்பை குடம் மாதிரி நிறைந்திருக்கிறது. அவன்தான் சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தானே. அங்கேதான் மாட்டிக்கொண்டு உங்கள் விசாரணைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். வார்டில் நர்ஸிடம் அவன் இன்னும் சொல்கிறானாம்: "எங்கண்ணன் அப்பவே பாத்துட்டாரு. அப்ப ஒண்ணுமில்ல. இது புதுசா வந்தது."

ஆம், தெரிந்தேதான் செய்தேன். அன்றே வெட்டியிருந்தால் பிழைத்திருப்பான் என்பதும் தெரியும். ஆனால் இத்தனை நாள் பயமில்லாமல் இருந்தானே. அது நான் கொடுத்தது.

என் வயிற்றுத் தழும்பைப் பற்றியும் கேட்டீர்கள். அது அவன் படத்துக்கு முந்தின வருடம். எனக்கு லேசாக வலித்தது. அன்றே தண்ணீர் குடித்துப் படுத்தேன், படத்தை நானே பார்த்தேன். அதே இடம், ஏறக்குறைய அதே அளவு. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரமே வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது நன்றாகப் பசிக்கிறது.