பாதரசம் இறங்காத வாரம்

— மூடறதுன்னா மூடறோம்னு நேராச் சொல்லிடுங்க மேடம். டீயைக் கையில வெச்சுக்கிட்டு மென்னு முழுங்காதீங்க. இந்த வானிலை நிலையம் போச்சுன்னா வீடும் போச்சு. நாங்க வேற இடம் தேடணும்.

— டீ கொதிக்குது அக்கா, அதான் முழுங்க முடியல. மூடறதைப் பத்தியும் பேசணும்தான். அதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லணும். தலைமை ஆபீஸ்லேர்ந்து ஆறு மணி நேரம் பஸ்ல வந்ததே அதுக்குத்தான்.

— அவருக்கா? ஏங்க, காதுல விழுந்துச்சா? இருபது வருஷத்துல இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க.

— அது வந்து... நன்றியெல்லாம் எதுக்கு மேடம்.

— எதுக்கா? போன மாசம் காத்தழுத்தம் ஆயிரத்து ஐம்பத்திரண்டுன்னு அனுப்பினீங்க பாருங்க சார், எங்க கம்ப்யூட்டர் அதைக் குப்பையில தள்ளிடுச்சு. இங்க அவ்வளவு ஏறினதே இல்ல. தப்பாப் பார்த்திருக்கீங்க, திருத்துங்கன்னு மூணு தடவை மெசேஜ் போட்டது நான்தான்.

— ஓ, அந்த மகராசி நீங்கதானா.

— நான்தான் அக்கா. மூணு தடவையும் 'பாதரசம் அங்கயேதான் நிக்குது'ன்னு ஒரே பதில். கடைசியில கூடவே ஒரு வரி, 'நம்பிக்கை இல்லன்னா கண்ணாடி போட்டுக்கிட்டு நேர்ல வாங்க'ன்னு.

— அவருக்குக் குசும்பு ஜாஸ்தி.

— அது வந்து...

— நீங்க சும்மா இருங்க. மேடம், ஒரு நம்பர்ல அப்படி என்ன இருக்கு?

— காத்துக்கும் எடை உண்டு பாருங்க. குளிர்ந்த காத்து இன்னும் கனம். அப்படிக் கனத்துப்போன காத்து வழக்கமா ரெண்டு நாள்ல நகர்ந்துடும். இந்தத் தடவை, கோவிச்சுக்கிட்டு வந்த மாமியார் மாதிரி அசையாம உட்கார்ந்துடுச்சு. மேற்கேயிருந்து வர்ற வெதுவெதுப்பான காத்துக்கு வழி அடைச்சுப் போச்சு. வடக்கே இருந்த பனிக்காத்து அதோட கிழக்கு ஓரமா சறுக்கி, நேரா நகரத்து மேல இறங்கிச்சு.

— மூணு வாரம் குழாயெல்லாம் உறைஞ்சு வெடிச்சுதே, அதுவா?

— அதேதான். ஆனா அந்த மூணாவது பதிலுக்கு அப்புறம் உங்க நம்பரை நம்பினதால நாலு நாள் முன்னாடியே சொல்லிட்டோம். ஆஸ்பத்திரிக்கெல்லாம் ஹீட்டர் போச்சு. தெருவுல படுக்கறவங்களைப் பள்ளிக்கூடங்களுக்குள்ள கூட்டிட்டு வந்துட்டாங்க. ஒரு உயிர்கூடப் போகல அக்கா. என் தங்கச்சிக்கு அந்தக் குளிர்லதான் ஏழாம் மாசத்துலயே குழந்தை பிறந்துச்சு. உள்ளங்கை அளவுதான் இருந்தா.

— இப்ப எப்படி இருக்கா?

— கத்தறா. வீட்ல ஒருத்தரும் தூங்கல.

— கத்தட்டும். நல்லாக் கத்தட்டும். இவரைப் பாருங்க, நீங்க சொன்னதுக்கு இவர் கண்ணைத் துடைக்கிறார்.

— தூசி.

— சார், அந்தத் தூசிக்குத்தான் நான் நன்றி சொல்ல வந்தேன். இங்க ஆளை எடுத்துட்டு மெஷின் வைக்கறதா இருந்தோம். எங்க பெரியவர் வேண்டாம்னுட்டார். மெஷின் எண்ணைத்தான் அனுப்பும், அதுக்காக நம்மகிட்ட சண்டை போடாது, அடம்பிடிக்க ஒரு மனுஷன் அங்க இருக்கட்டும்னார். நிலையம் மூடல. இந்தக் காகிதத்துல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. அந்த வாரம் நீங்களே பார்த்து எழுதினதுதான், வேற யாரும் பாரமானியைத் தொடலன்னு. விதி அப்படி.

— கொடுங்க, கொடுங்க. ஏங்க, பேனா பிடிங்க.

— அது வந்து...

— என்ன வந்து, போயி? கை மரத்துப் போச்சா? போடுங்க. வீடு நிக்குதுங்க.

— சார், ஏதாவது சந்தேகமா?

— சந்தேகமில்ல மேடம், என்னால போட முடியாது. அந்த வாரம் நான் காய்ச்சல்ல நாலு போர்வைக்குள்ள கிடந்தேன். தினம் விடியறதுக்குள்ள எழுந்து பாதரசத்தைப் பார்த்ததும், உங்களுக்குப் பதில் போட்டதும் இவதான், 'குறைச்சுப் போட்டுத் தொலைடி, வேலை போயிடும்'னு மூணு தடவையும் கத்தினவன் நான்.