தாக்குதலுக்குச் சிரித்த பாதை

“நேத்துப் பின்னேரமும் தாக்குதல் நடந்தது அக்கா. ஆனா இந்த முறை ஒண்டும் விழேல்ல.”

‘பாதை’ என்று ஊரார் சொல்லும் கிண்ணியா மிதவைப்படகு கடலின் நடுவில் போய்க்கொண்டிருந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். யுத்த காலத்தில் அந்தச் சொல்லை யார் இப்படிச் சத்தமாகச் சொல்வார்கள்? சொன்னவள் டவுனில் நெட்கபே நடத்துகிறவள். பக்கத்தில் நின்றவள் அவளுடைய கூட்டாளி.

“மெல்லமாக் கதை ரிஸானா. கடை இன்டர்நெட் ரவுட்டருக்கு எண்டு சொல்லு.”

“ரவுட்டரைத்தானே சொல்றன். எவனோ பிழையான தகவல் ஒண்டை அனுப்புவான், அது விறைச்சுப்போய் நிண்டிடும். கட்டாருக்குக் கதைக்க வந்த உம்மாமார் அரைவாசியில அழுதுகொண்டு எழும்புவாங்கள்.”

“இப்ப?”

“அந்தத் தகவல் நுழையிற ஓட்டையை அடைச்ச புது சொஃப்ட்வெயார் போட்டனான். நேத்தும் அதையே திரும்பத் திரும்ப அனுப்பினவன். ரவுட்டர் அதைத் தூக்கி எறிஞ்சுபோட்டுத் தன்ர வேலையைப் பாத்தது. ஒரு உம்மா மகனோட சண்டை பிடிச்சு, சமாதானமாகி, அழுது முடியும் வரைக்கும் லைன் நிண்டது!”

மீன்பெட்டியில் உட்கார்ந்திருந்த வியாபாரி நானாவுக்குப் பொறுக்கவில்லை.

“அப்ப ஒருத்தருக்கும் காயமில்லையே, தங்கச்சி?”

“அடிச்சவனுக்கு மட்டுந்தான், நானா!”

‘தாக்குதல்’ என்ற சொல்லுக்குப் பாதை முழுக்கச் சிரித்தது அன்றைக்குத்தான்.